கீல் கல்லூரியும் லிண்ட்சேயின் மக்களாட்சிக் கோட்பாடும்

அரசியல் மெய்யியலாளர் பல்கலைக்கழகப் பொறுப்பேற்றால் அவருடைய சிந்தனை வாழ்வு அத்துடன் முடிந்தது என்று கருதுவது வழக்கம். ஏ. டி. லிண்ட்சே (1879–1952) வரையில் இது பொருந்தாது. ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரிக்கு 1924 முதல் 1949 வரை தலைவராக இருந்தவர் அவர். 1935–38இல் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவருடைய மக்களாட்சிக் கோட்பாட்டில் பாதிதான் நூல்களில் இருக்கிறது. மறுபாதி, எழுபது வயதில் அவர் கீல் என்னும் ஊரில் எழுப்பிய கல்லூரியில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நூல்கள் சொல்வது இது. 1929இல் வெளிவந்த ‘மக்களாட்சியின் அடிப்படைகள்’ வாக்கெண்ணிக்கையை மக்களாட்சியின் உயிராகக் கொள்ளவில்லை. பியூரிட்டன் சபைகளையும், 1647இல் பட்னியில் கிராம்வெல்லின் படையினர் தளபதிகளோடு நேர்நின்று வாதிட்டதையும் லிண்ட்சே முன்மாதிரியாகக் கொண்டார். பலர் கூடிப் பேசும்போது, அவர்களில் எவரும் தனியே கொண்டுவராத ஒரு முடிவு பிறக்கிறது. அதுவே அவருக்கு மக்களாட்சி. செருப்பு எங்கே கடிக்கிறது என்பது அணிந்தவனுக்கே தெரியும் என்பதை அவர் வலியுறுத்தினார். வல்லுநரின் அறிவு தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது.

இக்கொள்கை கல்விக்கு வரும்போது ஒரு தடையில் முட்டுகிறது. 1930–31இல் இந்தியக் கிறித்தவக் கல்லூரிகளை ஆராய்ந்த ஆணையத்துக்கு லிண்ட்சே தலைமை தாங்கினார். அக்கல்லூரிகள் இயங்கிய இணைப்புக் கல்லூரி முறை நமக்குப் பழகியது: வெளியே ஒருவர் பாடத்திட்டம் வகுப்பார், இன்னொருவர் வினாத்தாள் அமைப்பார், கல்லூரி ஆசிரியர் நடுவில் நின்று பாடம் ஒப்பிப்பார். கற்பிப்பவருக்கே பேச உரிமையில்லாத இடத்தில் மாணவருடன் என்ன கலந்துரையாடல் நடக்கும்? இங்கிலாந்திலும் நிலைமை வெகுவாக வேறுபடவில்லை. நாட்டிங்ஹாம், சவுதாம்ப்டன் போன்ற கல்லூரிகள் நெடுங்காலம் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளித்தேர்வுக்கே மாணவரை ஆயத்தம் செய்தன. கீல் கல்லூரி தொடக்கத்திலேயே சொந்தப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றதை நிர்வாக வெற்றியாக மட்டும் பார்க்க முடியாது. ஆக்ஸ்போர்டு, மான்செஸ்டர், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாதரவில் கிடைத்த அவ்வுரிமை, என் கணிப்பில், லிண்ட்சே எழுதியவற்றிலிருந்து நேராக விளைந்தது.

இடமும் தற்செயலாக அமைந்ததன்று. கீல் அமைந்துள்ள, மட்பாண்டத் தொழிலும் நிலக்கரிச் சுரங்கமும் நிறைந்திருந்த வட ஸ்டாஃபர்ட்ஷயரில், 1908இல் லாங்டனில் ஆர். எச். டாணி நடத்திய தொழிலாளர் வகுப்பு முதல், முதியோர் கல்வி வேரோடியிருந்தது. ஸ்டோக் நகர மன்றத்தின் தொழிற்கட்சித் தலைவர் தாமஸ் ஹார்வுட் பாதிரியார் கல்லூரி கேட்டுப் போராடினார். 1950 அக்டோபரில் 157 மாணவர்கள் சேர்ந்தனர். போர்க்காலப் படைமுகாமின் கொட்டகைகளே அவர்களுக்கு விடுதி. ஆசிரியர்களும் வளாகத்திலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. நான்காண்டுப் பட்டப்படிப்பில் முதலாண்டு அனைவருக்கும் பொது. இயற்பியல் படிக்க வந்தவர் கிரேக்க நாகரிகம் பற்றிய விரிவுரையில் அமர்ந்தார். வரலாறு படிக்க வந்தவர் ஓர் அறிவியல் பாடத்தையும் எடுத்தார். பின்பு சிறு குழுக்களாகக் கூடிப் பேசினர். நாளைய வல்லுநர், தன் துறை அறியாதவரிடம் தன் துறையைப் பேசப் பழகும் இடம் அது. ‘தற்கால மக்களாட்சி அரசு’ (1943) நூலில் லிண்ட்சே தேடிய குடிமகன் அங்கே உருவாகலாம் என்பதே எதிர்பார்ப்பு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முதலாண்டின் வடிவத்தை எந்தக் கலந்துரையாடல் முடிவு செய்தது? பெரும்பாலும் லிண்ட்சேயின் மனவுறுதியே. தேர்ந்தெடுத்த துறையை உடனே தொடங்க விரும்பிய மாணவனுக்குச் செருப்பு கடித்தால் முறையிட இடமில்லை. கட்டாயமாகப் பொதுக்கல்வி பெற்ற பின்பே ஒருவர் சமமாக உரையாட முடியும் என்று லிண்ட்சேயின் சார்பில் விடை சொல்லலாம். அது நேர்மையான விடைதான். ஆயினும் உரையாடலுக்கான நிகழ்ச்சி நிரலை முதலில் வகுப்பவர் யார் என்னும் கேள்வி அதில் தீரவில்லை. அவருடைய நூல்களிலும் அதற்கு நிறைவான விடையில்லை. பட்னியில் நிரலையே மாற்றும் துணிவு படைவீரர்களுக்கு இருந்தது. கீலில் அத்தகைய வாய்ப்பு நிறுவனரின் காலத்துக்குப் பின்பே வந்தது. முதல் அணி பட்டம் பெறுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1952 மார்ச்சில், அவர் காலமானார். பிற்காலத்தில் மூன்றாண்டுப் பட்டங்கள் நுழைந்தன. பொது முதலாண்டு தன் இடத்தை இழந்தது. இதை லிண்ட்சேயின் தோல்வியாகச் சிலர் கொள்ளலாம். அவருடைய கோட்பாட்டின்படி, கல்லூரியின் வடிவத்தை அதில் வாழ்ந்தவர்களே பேசி மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தை அவர் மறுக்கவும் முடியாது.