பெயரேட்டின் ஒரு வரியும் குடும்பத்தின் ஒரு மௌனமும்

அரசர் வரலாற்றுக்குக் கல்வெட்டு உண்டு; செப்பேடு உண்டு. எளிய குடும்பத்தின் வரலாற்றுக்குச் சான்றாக நிற்பது பெரும்பாலும் பாட்டியின் நினைவு ஒன்றே. அந்நினைவிலும் ஒரு பக்கம் கிழிந்திருக்கும். “போனவர் திரும்பவில்லை” என்ற சொல்லோடு பேச்சு நின்றுவிடும். கேட்ட பேரன் மேலும் கேளாதிருக்கக் கற்றுக்கொள்வான். கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைப் பகுதிகளில் இத்தகைய மௌனத்தின் வேரைத் தேடிச் செல்வோர், 1876-78 ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தைக் காணாமல் கடத்தல் அரிது.

அன்று இப்பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அம்மாவட்ட மக்கள் தொகை ஏறத்தாழ 19.7 இலட்சம்; 1881-இல் அது 16 இலட்சமாகச் சுருங்கியது. நிவாரணப் பணியில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 450 கிராம் தானியமும் சிறிது காசும் போதும் என 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்த காலம் அது. குறைந்த தொகையில் மாண்டோர் எத்தனை பேர், ஊர் துறந்தோர் எத்தனை பேர் எனப் பிரித்துக் கூறுதல் எளிதன்று. ஒவ்வொரு குடும்பத்தின் மௌனமும் இவ்விரண்டிற்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

தேடத் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டுவது நிருவாக எல்லைகளின் வரலாறு. சேலத்திலிருந்து தருமபுரி 1965-இலும், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-இலும் பிரிந்தன. ஆதலின், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பஞ்சக் காலத்துக் கிருஷ்ணகிரியைத் தேடுவோர் சேலம் என்ற தலைப்பையே புரட்டுதல் வேண்டும். லெ ஃபானு தொகுத்து 1883-இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடும், ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி 1878-இல் வெளியிட்ட பஞ்ச வரலாறும் துணைநிற்கும். எனினும் ஏட்டை அப்படியே நம்புதல் ஆகாது. பசியால் இறந்தோர் பலர் இறப்புப் பதிவில் காய்ச்சல், பேதி, கழிச்சல் என்ற பெயர்களிலேயே மறைந்துள்ளனர்.

பழைய நாளிதழ்களுக்கும் எல்லை உண்டு. ‘தி இந்து’ 1878-இலும் ‘சுதேசமித்திரன்’ 1882-இலும் தோன்றின. பஞ்சத்தின் கொடிய மாதங்களில் சென்னையில் ஓங்கி ஒலித்தவை ஆங்கிலேயர் நடத்திய தாள்களே. பசித்தவன் குரலைப் பிறர் வாய்மொழியாகவே கேட்க நேர்கிறது.

ஊர் துறந்தோருள் ஒரு பகுதியினர் கப்பலேறினர். நேட்டாலுக்குச் சென்ற முதற்கப்பலாகிய ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1866-இல் நின்ற அப்போக்குவரத்து 1874-இல் மீண்டும் தொடங்கியது. 1911 வரை சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர்கள். அவர்தம் கப்பற் பெயரேடுகள் இன்றும் உள. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர், உடற்குறி என ஒரு மனிதரின் முழு வாழ்வும் ஒரே வரியில் அடங்கிக் கிடக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பகுதியின் ஊர்ப் பெயர்கள் எழுத்தர் கையில் உருமாறியிருத்தலும் இயல்பே. கண்ணால் படித்தது புரியாவிடில் வாயால் ஒலித்துப் பார்த்தல் நன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணியின் பின் நடந்து சென்றோர்க்கோ இத்தகைய வரியும் அரிது.

அந்த ஒரு வரி குடும்பத்தைக் கலங்கச் செய்யும் ஆற்றலுடையது. சாதிக் கட்டத்தில், வீட்டில் சொல்லப்படும் சாதி இல்லாதிருக்கலாம். கணவன் பெயரின்றி ஒரு பெண் தனித்துப் பதிவாகியிருக்கலாம். ஊரில் ஒரு மனைவியிருக்கக் கடலுக்கப்பால் வேறொரு குடும்பம் தழைத்திருக்கலாம்.

கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர் கையூத்ரா பகதூர் இக்கலக்கத்தை நேர்கொண்டவர். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903-இல் பீகாரிலிருந்து சென்று, கல்கத்தாவில் ‘கிளைடு’ என்ற கப்பலில் கருவுற்ற நிலையில் தனியாக ஏறினார். குழந்தை கடலிலேயே பிறந்தது. ஏன் புறப்பட்டார், துணையின்றி ஏன் சென்றார் என்பதற்கு எந்த ஆவணமும் விடை தரவில்லை. 2013-இல் வெளிவந்த தம் நூலில், பகதூர் விடையைப் புனையாமல் வினாக்களை வினாக்களாகவே நிறுத்தினார். கொள்ளுப்பாட்டியைப் பழிக்கவுமில்லை, தெய்வமாக்கவுமில்லை. இதுவே இத்துறையின் அறம் எனலாம்.

ஒற்றைச் சான்றோடு தேடலை நிறுத்துவதும் தீங்கே. 1882-ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் சேலம் விசயராகவாச்சாரியார் பத்தாண்டுத் தண்டனை பெற்றார் என்ற செய்தியோடு ஒருவர் தாளை மூடினால், அவர் குற்றவாளியாகவே எஞ்சுவார். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்கு அவரே தலைவர். தண்டனைச் செய்தியைக் கண்டவர் விடுதலைச் செய்தியையும் காணும்வரை ஏடு புரட்டுதல் கடமை. புகழ்பெற்றவர்க்கு அவ்விடுதலையைச் சொல்லப் பலருளர்; எளியவர்க்கு அவருடைய வழித்தோன்றலே உளர்.

இன்று ஓசூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையை நாடிப் பல மாநிலத்து இளைஞர்கள் மூட்டையோடு வந்து இறங்குகின்றனர். ஒரு காலத்தில் மூட்டையோடு ஆட்களை வெளியே அனுப்பிய மண் இது. வந்திறங்கும் அவ்விளைஞர் பெயரும் ஏதோ ஒரு பதிவேட்டில் ஒரு வரியாய் எழுதப்படுகிறது. அவர்தம் ஊரிலும் ஒரு தாய் வாயிலைப் பார்த்திருப்பாள். கவிஞர்கள் அவ்வரியைப் பாடட்டும். பாடுமுன் ஏட்டைத் திறந்து, அப்பெயரைப் பிழையின்றி ஒருமுறை படிக்கட்டும்.