டப்ளினின் நிலக்கரித் தடையும் உயிரிழப்புக் கணக்கும்

முன்னுரை

பருவநிலை மாற்றத்தைத் தணிக்கும் கொள்கைகள் மக்கள் நல்வாழ்வுக்கும் பயன் தருவன என்னும் கருத்து இன்று பரவலாக முன்வைக்கப்படுகிறது. நிலக்கரி எரிவது குறைந்தால் கரியமில வாயு மட்டுமன்றி நுரையீரலைத் தாக்கும் நுண்துகள்களும் குறையும் என்பதே அதன் அடிப்படை. இதற்குச் சான்றாகப் பெரிதும் சுட்டப்படும் நிகழ்வு, அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1990 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த நிலக்கரி விற்பனைத் தடையாகும். அது பருவநிலையைக் கருதி விதிக்கப்பட்டதன்று. புகையைக் கருதி விதிக்கப்பட்டது. அத்தடையின் பயன் எவ்வாறு எண்ணப்பட்டது, அவ்வெண்ணிக்கை பின்னர் எவ்வாறு திருத்தம் பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தடையின் பின்புலம்

1970களின் எண்ணெய் விலையேற்றத்தைத் தொடர்ந்து டப்ளின் வீடுகள் பல, எண்ணெயை விட்டு மலிவான பிட்டுமினஸ் நிலக்கரிக்கு மாறின. ஆற்றல் நெருக்கடிக்குக் கண்ட தீர்வே 1980களில் காற்றைக் கெடுத்தது. காற்றசைவற்ற குளிர்கால இரவுகளில் கணப்படுப்புகளின் புகை நகரின்மேல் தேங்கியது. 1982 சனவரியில் புகை மிகுந்த நாள்களையொட்டி நகர மருத்துவமனை ஒன்றில் இறப்புகள் உயர்ந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்தனர்.

1952 இலண்டன் புகைமூட்டத்திற்குப் பின் இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டுப் பிரித்தானியத் தூய காற்றுச் சட்டம், வட்டாரம் வட்டாரமாகப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவித்து வீட்டு அடுப்புகளை மாற்றுவித்தது. அயர்லாந்தோ, 1987ஆம் ஆண்டுக் காற்று மாசுச் சட்டத்தின் துணையுடன், அமைச்சர் மேரி ஹார்னியின் முயற்சியால், புகைமிகு நிலக்கரியை நகரில் விற்பதையே தடுத்தது. வீடுதோறும் கண்காணிப்பதினும் கடைதோறும் கண்காணிப்பது எளிது. விளைவு உடனே தெரிந்தமைக்கு இந்த நிர்வாகத் தேர்வே தலையாய காரணம் எனலாம்.

இரு கணக்குகள்

தடைக்கு முந்தைய 72 மாதங்களையும் பிந்தைய 72 மாதங்களையும் ஒப்பிட்ட கிளான்சி முதலிய நால்வரின் ஆய்வு 2002இல் 'தி லான்செட்' இதழில் வெளிவந்தது. கரும்புகையின் சராசரி அளவு கன மீட்டருக்கு 35.6 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ 70 விழுக்காடு, குறைந்திருந்தது. சுவாச நோய் இறப்புகள் 15.5 விழுக்காடும் இதயக் குழலிய நோய் இறப்புகள் 10.3 விழுக்காடும் குறைந்தன என அது கணித்தது. ஆண்டுதோறும் சுவாச நோயால் 116, இதயக் குழலிய நோயால் 243 என இறப்புகள் குறைந்ததாகக் கூறப்பட்ட எண்கள் உலகெங்கும் மேற்கோளாயின.

ஆயின் அக்காலத்தில் இதய நோய் இறப்பு அயர்லாந்து முழுவதுமே குறைந்து வந்தது. அந்நால்வருள் மூவர் பங்கேற்ற, 2013இல் வெளியான மறுஆய்வு, தடையில்லாத பகுதிகளை ஒப்பீட்டுக்குச் சேர்த்துக்கொண்டது. சுவாச நோய் இறப்பின் வீழ்ச்சி டப்ளினில் சுமார் 17 விழுக்காடாக நிலைபெற்றது. இதய நோய் இறப்பின் வீழ்ச்சிக்குத் தடை காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எண்ணிக்கையில் பெரிய பயனே கைநழுவியது. தம் புகழ்பெற்ற முடிவைத் தாமே திருத்தியமை, 2002ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டிலும் மதிக்கத்தக்கது. எனினும் பழைய எண்களை மட்டும் எடுத்தாளும் வழக்கம் இன்னும் மறையவில்லை.

நல்வாழ்வும் பருவநிலையும்

டப்ளின் தடையைப் பருவநிலைக் கொள்கையின் முன்மாதிரியாகக் கொள்வதில் மற்றொரு சிக்கலும் உண்டு. தடைக்குப் பின் கடைகளில் புகையற்ற நிலக்கரி அனுமதிக்கப்பட்டது. அது நுரையீரலைக் காக்கும். கரியமில வாயுவையோ தொடர்ந்து வெளியிடும். எரிவாயுவுக்கு மாறிய வீடுகளில் மட்டுமே இரு பயன்களும் ஓரளவு ஒருங்கே கிட்டின. ஆகவே ஒரு பயன் மற்றொன்றைத் தானாகவே கொண்டுவரும் எனக் கொள்ள இயலாது.

தடை 1995இல் கார்க் நகருக்கும், 1998, 2000 ஆண்டுகளில் வேறு நகரங்களுக்கும் விரிந்தது. 2022 அக்டோபர் 31 முதல் திட எரிபொருள் விதிகள் நாடு முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தன. அப்போதும் கரிச்சேற்று நிலங்களில் வெட்டியெடுக்கப்படும் புல்கரியைக் கடைகளிலும் இணையத்திலும் விற்பதே தடுக்கப்பட்டது. வெட்டும் உரிமை வழிவழியாக உடையோர் அதனைத் தம் வீட்டு அடுப்பில் எரிப்பது தடுக்கப்படவில்லை.