திண்ணைப் பள்ளியும் வாய்க்கணக்கும்

வகுப்பறையில் மாணவர் கணக்கை எவ்வாறு பேசுகின்றனர் என்னும் வினா கல்வியியலார்க்கே உரியதன்று. மொழி ஆராய்வார்க்கும் உரியது. ஏழு நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட அறிக்கையில், மாணவர் பேசும் சொல் ஒன்றுக்கு ஆசிரியர் பேசும் சொல் எந்நாட்டிலும் எட்டுக்குக் குறையவில்லை. ஹாங்காங்கில் அது பதினாறாக இருந்தது.

திண்ணைப் பள்ளியிலோ ஓங்கி ஒலித்தது மாணவர் குரலே. சட்டாம்பிள்ளை முன்சொல்ல, ஏனையோர் எண்சுவடியை ஒருங்கே பின்சொல்லினர். தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவாக 1826-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் காட்டப்பெற்ற பள்ளிகள் 12,498. தமிழ்நிலத்துப் பள்ளிகளும் இத்தொகையுள் அடங்கும்.

இக்கூட்டொலியை வெறும் நெட்டுரு என இகழ்வாரும் உளர். அவர் கூற்று முற்றும் பொருந்துமா என்பதை ஆராய்வோம். கீழ்வாயிலக்கப் பெயர்களை நோக்குக. அரைக்கால் என்பது காலில் அரை, எனவே 1/8. மா 1/20, காணி 1/80, இரண்டும் கூடிய மாகாணி 1/16. முன்னதில் பெருக்கலும் பின்னதில் கூட்டலும் பெயருள்ளேயே அமைந்துள்ளன. ஆகவே, இப்பெயரைச் சொல்லுதல் ஒருவகையில் கணக்கைச் செய்தலே ஆகும். ஓதிய சிறார் அனைவரும் இதனை உணர்ந்தே ஓதினர் என நாம் கூறவில்லை. உணர்தற்குரிய வாயில் அவர்தம் நாவிலேயே இருந்தது என்பதே நம் கருத்து.

1789 முதல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுச் சிறார் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் தம் முறையை 1797-இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. முறை கடல் கடந்தது. மாகாணியும் அரைக்காலும் கடக்கவில்லை. 1957-இல் பதின்மக் காசு வழக்கிற்கு வந்தபின், இங்கும் அவை வகுப்பறையினின்று நீங்கிப் பேச்சு வழக்கிலும் பழமொழியிலுமே எஞ்சின.

எனவே, மாணவர் எத்துணைச் சொல் பேசினர் என்று எண்ணுவதோடு அமைதல் கூடாது. அச்சொற்கள் தம்முள் எக்கணக்கைத் தாங்கி நின்றன என்பதையும் ஆராய்தல் வேண்டும். எண்சுவடி ஏடுகளைக் கணித வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சொல்லாராய்ச்சிக்கும் உரிய சான்றாகக் கொள்ளுதல் தமிழ் மாணவர் கடனாகும்.