சாயர்புரம் வட்டார மக்கள்தொகை

சாயர்புரம் தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, பனங்காடுகளுக்கு நடுவே அமைந்த பேரூராட்சி. இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் பிறந்தார்கள், இறந்தார்கள் என்பதைவிட, யார் வந்து குடியேறினார்கள், யார் கப்பலேறினார்கள் என்பதே மக்கள்தொகையைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

கணக்கு கடற்கரையில் தொடங்குகிறது. முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த பூசலில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினர். 1535-37 ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றதாகச் சொல்வது வழக்கம். பிரான்சிஸ் சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542-இல். முத்துச் சிலாபம் கூடும் நாட்களில் குளியாளிகளும் வணிகர்களும் கடலோரத்தில் குடிசை போட்டுத் தங்குவார்கள். சிலாபம் முடிந்ததும் அந்த ஊரே கலைந்துவிடும். எந்தக் குடிக்கணக்கிலும் ஏறாத மக்கள் இவர்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை.

உள்நாட்டில் கதை வேறு. புதிதாகக் கிறித்தவம் தழுவிய நாடார் குடும்பங்கள் சொந்த ஊரில் எதிர்ப்பைத் தாங்க மாட்டாமல் வெளியேறியபோது, அவர்களுக்கென்றே ஊர்கள் எழுந்தன. 1799-இல் முதலூர் உண்டானது. பின்னர், 1814-வாக்கில், சாமுவேல் சாயர் என்ற வணிகர் நிலம் வாங்கிக் கொடுக்க, அவர் பெயரிலேயே சாயர்புரம் அமைந்தது. 1842-இல் இங்கு வந்த மிஷனரி ஜி.யு. போப் நிறுவிய கல்விக்கூடம் சுற்று வட்டாரப் பிள்ளைகளை ஈர்த்தது. பனையேற்றுக் குடும்பத்துப் பையன் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் வெளியூர் போகும் வழக்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்தில் இன்று ஏறத்தாழ ஆறில் ஒருவர் கிறித்தவர். மாநிலம் முழுவதற்குமான பங்கோ நூற்றுக்கு ஆறுதான்.

சென்னை மாகாணத்தின் 1871 குடிக்கணக்கில், இந்த வட்டாரம் அப்போது அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்துக்கு 16.9 லட்சம் பேர். பத்தாண்டு கழித்து எண்ணியபோதும் 17 லட்சத்தைத் தாண்டவில்லை. இடையில் வந்தது 1876-78 பெரும் பஞ்சம். அதோடு, 1876-இல்தான் தூத்துக்குடிக்கு ரயிலும் வந்தது. ரயிலடியிலிருந்து துறைமுகம், அங்கிருந்து கொழும்பு என்று வழி எளிதாயிற்று. தோட்டக் கூலிகளும் வியாபாரிகளும் அந்த வழியே போனார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தலைமன்னார் வழி வரும்வரை இலங்கைக்குப் போகும் ரயில் பயணிகளுக்குத் தூத்துக்குடிதான் வாசல். தேக்கத்துக்குப் பஞ்சத்தை மட்டும் காரணம் காட்டுவது பாதிக் கணக்கே. 1901-இல் எண்ணிக்கை 20.6 லட்சத்துக்கு ஏறியது.

விடுதலைக்குப் பின் ஓட்டம் ஓரளவு திரும்பியது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஸ்பிக் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் எழுந்தன. சாயர்புரத்தைப் போன்ற ஊர்களிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வேலைக்குப் போய்வரத் தொடங்கினர். ஆனாலும் படித்தவர்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போவது நிற்கவில்லை.

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. 2011 கணக்கில் அதன் மக்கள்தொகை 17,50,176. எழுத்தறிவு 86 விழுக்காடு. முந்தைய பத்தாண்டில் மாநிலம் 15.6 விழுக்காடு வளர்ந்தது. மாவட்டம் அந்த அளவை எட்டவில்லை. ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள், மாநிலத்தில் 996. பெண்கள் மிகுதியாக இருப்பதைச் சமத்துவத்தின் அடையாளமாக மட்டும் படிப்பது அவசரம். வீட்டு ஆண்கள் வெளியூரில் இருப்பதும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது.

2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவு வரும்வரை 2011-இன் எண்களே அரசுப் பதிவில் நிற்கும்.