மூத்திரப்பைப் புற்றுநோய்க்குப் பி. சி. ஜி. சிகிச்சை

காசநோய்த் தடுப்பூசியில் அடங்கிய, உயிருள்ளதாயினும் வீரியம் குன்றிய கிருமியை மூத்திரப்பைக்குள் செலுத்தி, அங்கே திரண்டெழும் பாதுகாப்பு அணுக்களைக் கொண்டு புற்றணுக்களை அழிக்கும் முறை பி. சி. ஜி. சிகிச்சை எனப்படும். சரீரத்தின் சொந்தச் சக்தியைத் தூண்டிவிடுவதே இக்கிருமியின் முதன்மையான காரியம்.

வரலாறு: நியூயார்க் நகரத்து அறுவை வைத்தியர் வில்லியம் கோலி, கிருமித்தொற்றால் சுரம் கண்ட ஒரு நோயாளியின் கட்டி கரைந்துபோன வரலாற்றை ஆராய்ந்து, 1891-இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைப் புற்றுக்கட்டியில் செலுத்திப் பரீட்சித்தார். பின்னர், காசநோயைத் தடுக்கும் நோக்குடன், பிரான்சில் கால்மெட், கெரன் என்னும் இருவரும் பசுவின் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை மாற்றி வளர்த்து வீரியத்தைக் குறைத்ததன் பயனாக, 1921-இல் பி. சி. ஜி. தடுப்பூசி மனிதருக்கு முதன்முதல் அளிக்கப்பட்டது. இதனைத் தயாரிக்கச் சென்னை கிண்டியில் 1948-இல் ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிச் சுமார் 2,60,000 பேரிடம் நடந்த பெரும் பரிசோதனையோ, வயது வந்தோரின் நுரையீரற் காசத்தை இவ்வூசி தடுக்கவில்லையென்றே காட்டியது. ஆயினும் அம்முடிவு வெளிவருமுன்பே, 1976-இல், கனடாவின் ஆல்வரோ மொராலெஸ் அதே கிருமி மூத்திரப்பைப் புற்று மீள்வதைக் குறைப்பதை ஒன்பது நோயாளிகளிடம் கண்டு வெளியிட்டிருந்தார்.

இயங்கும் விதம்: கிருமி பையின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டதும், மனித உடலில் இல்லாத அதன் சுவர்ப்பொருள்களை விழுங்கணுக்கள் அந்நியமென்று கண்டு சைட்டோகைன் என்னும் இரசாயனங்களைச் சுரக்க, அவற்றின் தூண்டுதலால் டி அணுக்களும் இயற்கைக் கொல்லணுக்களும் இரத்தத்திலிருந்து வந்து குவிந்து புற்றணுக்களை மாய்க்கின்றன.

பிரயோகம்: கட்டியை முதலில் அகற்றி, புண் ஆற இரு வாரமேனும் விட்டு, மெல்லிய குழாய் வழியாக மருந்தைச் செலுத்தி இரண்டு மணி நேரம் தங்கச் செய்வர், வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் இது தொடரும். நீர்க்கடுப்பும் இலேசான சுரமும் சகஜம். அபூர்வமாகக் கிருமி உடலெங்கும் பரவுமாயின் காசநோய் மருந்துகள் வேண்டியிருக்கும்; எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்க்கு இச்சிகிச்சை கூடாது.

எல்லை: நோய் தசையில் ஊடுருவிய பின்னர் இம்முறை பயன்படாது. ஆதலால், இப்புற்றின் அடையாளமாக வலியின்றிச் சிறுநீர் சிவந்து போவதை உடற்சூடு என்றெண்ணி இளநீர் பருகி நாட்கடத்தும் வழக்கம் பேரபாயமானது. குறிப்பாக, இப்புற்றுக்கு மிகுதியும் ஆளாகும் புகையிலைப் பழக்கமுடையோர் அவ்வடையாளத்தைக் கண்டவுடன் வைத்தியரை நாடுவது மிக மிக அவசியம்.