நாசியினுள் ஒரு போர்க்களம்

சரித்திரம் என்றவுடன் உங்கள் மனக்கண் முன் கோட்டைகளும் கொத்தளங்களும், பானிப்பட்டும் பிளாசியும் தோன்றும். இன்று நான் கூறவிருக்கும் போரின் களமோ ஒரு விரல் நுனி அளவே உடையது. அது மனிதனின் மூக்கு.

இப்போரைப் பற்றி நான் அறிய நேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பணியினின்று ஓய்வு பெற்றபின் எனக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்ச் செவிலியர் ஒருவர் பஞ்சு சுற்றிய குச்சியால் என் மூக்கின் உட்புறத்தைத் துடைத்து, சோதனைக்கு அனுப்பினார். மருந்துகளுக்கு எளிதில் அடங்காத கிருமி அங்கே குடியிருப்பதாக முடிவு வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் போதித்தவன் நான். எனக்கோ ஒரு தும்மல்கூட இல்லை. நாணத்தால் தலை குனிந்தேன். "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை ஐயா. மூக்கில் இருக்கும்வரை அது சாது. அறுவைப் புண்ணுக்குள் புகுந்தால்தான் ஆபத்து" என்று அவர் தேற்றினார்.

அக்கிருமியின் வரலாறு ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் நகரில் தொடங்குகிறது. அங்கே அறுவை மருத்துவராக விளங்கிய அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், 1880-ஆம் ஆண்டில் சீழை நுண்பெருக்கியில் ஆராய்ந்து, அதில் திராட்சைக் குலைபோல் திரண்ட உயிர்களைக் கண்டார். கிரேக்க மொழியில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு, 1882-இல் அவற்றுக்கு 'ஸ்டாபிலோகாக்கஸ்' என்று பெயரிட்டார். 1884-இல் ரோசன்பாக் என்னும் ஜெர்மானியர், பொன்னிறமாக வளரும் வகையைப் பிரித்தறிந்து 'ஆரியஸ்' என்ற அடைமொழியைச் சேர்த்தார். பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ மூவர் மூக்கில் இப்பொன்னிறக் கிருமி வாழ்கிறது.

லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் தம் மூக்குச் சளியை ஆராய்ந்து, அதில் சில நுண்ணுயிர்களைக் கரைக்கும் 'லைசோசைம்' என்ற பொருள் இருப்பதை 1922-இல் வெளியிட்டார். 1928-இல் அவர் ஸ்டாபிலோகாக்கஸ் வளர்த்த தட்டில் பூஞ்சை விழுந்ததும், பெனிசிலின் பிறந்ததும் நீங்கள் பாடத்தில் படித்ததே. ஆனால் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், குறைந்த அளவில் மருந்தை உட்கொண்டால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று அவரே எச்சரித்ததை எத்தனை பேர் அறிவர்?

அவ்வெச்சரிக்கை பலித்தது. பெனிசிலினைச் சிதைக்கும் கிருமிகள் மருத்துவமனைகளில் பரவின. அவற்றை அடக்க மெதிசிலின் என்ற புது மருந்து வந்தது. 1961-இலேயே அதற்கும் அடங்காத கிருமிகளை இங்கிலாந்தில் பாட்ரிசியா ஜெவன்ஸ் என்ற அம்மையார் அறிவித்தார். இன்று எம்.ஆர்.எஸ்.ஏ. என்று உலகம் அஞ்சும் கிருமி அதுவே.

எதிரி ஒளிந்திருக்கும் வீட்டிலேயே அவனை மடக்கினால் என்ன? இக்கேள்வியிலிருந்து எழுந்ததே மூக்குக் களிம்பு. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து பெற்ற முபிரோசின் என்னும் மருந்து 1985-இல் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தது. அது வேலை செய்யும் முறை எளிது. கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாளின் கையைக் கட்டிவிட்டால் சுவர் எழும்புமா? அவ்வாறே கிருமி தன் புரதத்தைக் கட்டுவதற்கு வேண்டிய ஓர் அமினோ அமிலத்தை எடுத்துக் கொடுக்கும் நொதியை இம்மருந்து முடக்குகிறது. 2010-இல் நெதர்லாந்து அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், மூக்கில் இக்கிருமி உடைய நோயாளிகளுக்கு இக்களிம்பையும் குளோர்ஹெக்சிடின் சோப்பையும் கொடுத்தபோது, இக்கிருமியால் வரும் தொற்று நூற்றுக்கு 7.7-இலிருந்து 3.4-ஆகக் குறைந்தது. நானும் ஐந்து நாட்கள், காலையும் மாலையும், அக்களிம்பைப் பூசிக்கொண்டேன். புண் நன்றாகவே ஆறியது.

எனினும் 1987-இலேயே முபிரோசினை வெல்லும் கிருமிகளும் தோன்றிவிட்டன. ஆதலால் வேறு வழிகளைத் தேடுகின்றனர். அயோடின் கலந்த மருந்தை மூக்கில் இடுவது ஒன்று. ஆயினும் அமெரிக்காவில் 137 மருத்துவமனைகளில் ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் முபிரோசினே மேம்பட்டு நின்றது. கனடாவின் வான்கூவர் நகரில், மூக்கினுள் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தடவிச் செந்நிற ஒளியைப் பாய்ச்சுகின்றனர். ஒளி பட்ட சாயம் வீரியமிக்க ஆக்சிஜனை எழுப்பிக் கிருமியைப் பல இடங்களிலும் ஒருங்கே தாக்குவதால், அதற்குத் தற்காப்புத் தேடுவது அரிதாகிறது.

எல்லாவற்றினும் வியப்பூட்டுவது 2016-இல் ஜெர்மனியின் டூபிங்கன் அறிஞர்கள் கண்டது. மூக்கில் வாழும் மற்றொரு நுண்ணுயிரான ஸ்டாபிலோகாக்கஸ் லக்டுனென்சிஸ், தன் அண்டை வீட்டானை விரட்ட 'லக்டுனின்' என்னும் மருந்தைத் தானே ஆக்குகிறது. அவ்வுயிர் இல்லாத நோயாளிகளில் நூற்றுக்கு 34.7 பேரிடம் பொன்னிறக் கிருமி இருந்தது; அது உள்ளவர்களிடமோ 5.9 பேரிடம் மட்டுமே. மூக்கில் தொடங்கிய பிளெமிங்கின் தேடல், மீண்டும் மூக்கிற்கே வந்து சேர்ந்திருக்கிறது.

முடிக்குமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவர் ஏழு நாளைக்குக் கொடுத்த மாத்திரைகளை மூன்று நாளில் நிறுத்தி, மிச்சத்தை ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைப்பது என் நெடுநாள் வழக்கம். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுப்பேன். சிக்கனம் என்று பெருமையும் பட்டேன். பிளெமிங் எச்சரித்தது என்னைப் போன்ற சிக்கனக்காரர்களைத்தான் என்பது, அறுபது வயதைக் கடந்து படுக்கையில் கிடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு புது மருந்து பிறக்கப் பல்லாண்டுகள் ஆகின்றன. அதை எதிர்க்கும் கிருமிகள் தோன்ற இரண்டே ஆண்டுகள் போதும் என்பதை முபிரோசின் காட்டிவிட்டது.

உங்கள் வீட்டிலும் அத்தகைய டப்பா ஒன்று இருக்கலாம். இன்றிரவு அதைத் தேடிப் பாருங்கள். இருந்தால், அதிலுள்ளவற்றை இனி ஒருவருக்கும் கொடுக்க வேண்டாமென்று பெரியவர்களிடம் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். என்னிடம் அவ்வாறு சொல்ல ஒரு மாணவன் அன்று இல்லாமற் போனான்.