இமைக்கு உள்ளிருந்து ஓர் ஒத்தடம்

கண் எரிகிறது, உறுத்துகிறது, மண் விழுந்தாற்போல் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் கண் மருத்துவம் நெடுங்காலம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது: கண்ணில் தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது? அதை அளக்க 1903இல் ஜெர்மானிய மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் ஒரு சோதனையை விவரித்தார். வடிதாள் துண்டு ஒன்றைக் கீழிமையில் மடித்துச் செருகிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்றும் நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் அதே தாள்தான்.

அளவு குறைவு என்றால் சொட்டு மருந்து. சொட்டும் போதவில்லை என்றால், இருக்கிற கண்ணீர் வடிந்து போகாமல் தடுப்பது. இமையின் உள்மூலையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் சிறு துளைகள் வழியாகத்தான் கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிறது. 1930களில் அந்தத் துளைகளைச் சூடு வைத்து மூடிப் பார்த்தார்கள். 1975இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து மருத்துவர் ஜெரி ஃப்ரீமன், துளைக்குள் பொருந்துகிற சிலிக்கோன் அடைப்பான் ஒன்றை அறிமுகப்படுத்தினார். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்குள் முடிந்துவிடும் கண்வறட்சிச் சிகிச்சைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஆனால் ஒரு கூட்டம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. அவர்களுக்குத் தாள் நன்றாக நனையும். சிலருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே கூட இருக்கும். எரிச்சல் மட்டும் தீராது. ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, கண்ணீர் போதுமான அளவு இருக்கிறது’ என்ற பதிலோடு எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால் விடைக்கான துப்பு 1666இலேயே அச்சில் வந்திருந்தது.

அந்த ஆண்டு ஜெர்மனியின் ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர் ஹைன்ரிக் மைபோம் கண்ணிமைக்குள் வரிசையாக நிற்கும் சுரப்பிகளைப் பற்றி எழுதினார். இன்றைக்கு அவர் பெயராலேயே மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். மேலிமையில் இருபத்தைந்திலிருந்து நாற்பது வரை, கீழிமையில் இருபதிலிருந்து முப்பது வரை இருக்கும். இமை விளிம்பில், மயிர்க்கால்களுக்குச் சற்று உள்ளே அவற்றின் வாய்கள் திறக்கின்றன. அவற்றில் சுரப்பது தண்ணீர் அல்ல, எண்ணெய். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் துளியிலும் துளியாக எண்ணெய் பிதுங்கி, கண்ணீர்ப் படலத்தின்மேல் பரவுகிறது. அந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அது இல்லாவிட்டால் அடியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும். 1961இல் மிஷிமா, மாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முயல்களின் கண்ணில் எண்ணெய்ப் படலத்தை நீக்கிப் பார்த்தபோது, நீர் ஆவியாகும் வேகம் பல மடங்கு கூடியது. காய்ந்த பரப்பு உறுத்த, அந்த உறுத்தலுக்குப் பதிலாகக் கண் இன்னும் தண்ணீர் சுரக்கிறது. எண்ணெய் இல்லாத அந்தத் தண்ணீரும் நிற்பதில்லை. வழியும் கண்ணே வறண்ட கண்ணாக இருப்பது இப்படித்தான்.

இது தெரிந்த பிறகும் சிகிச்சை ஏன் எண்ணெயின் பக்கம் திரும்பவில்லை? இமை சிவந்து வீங்கினால், கட்டி வந்தால், விளிம்பில் செதில் படிந்தால் மருத்துவர்கள் சுரப்பியைச் சந்தேகித்தார்கள். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இமையை யாரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்தவர் பாஸ்டனைச் சேர்ந்த டொனால்ட் கோர்ப். அவர் கண் அறுவைச் சிகிச்சை நிபுணர் இல்லை, பார்வை சோதித்து லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட். கான்டாக்ட் லென்ஸ்தான் அவருடைய துறை. லென்ஸைச் சில மணி நேரத்துக்குமேல் தாங்க முடியாதவர்களின் இமையை அவர் அழுத்திப் பார்த்தார். எண்ணெய் வரவில்லை. இன்னும் அழுத்தியபோது கெட்டியான அடைப்பு வெளியே வந்தது. அன்டோனியோ ஹென்ரிக்கஸுடன் சேர்ந்து 1980இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சுரப்பியின் குழாய் உதிர்ந்த செல்களாலும் கெட்டிப்பட்ட சுரப்பாலும் அடைபடுகிறது என்று காட்டியது. வெளியே சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, உள்ளே வாய் அடைபட்டிருக்கிறது. என் பார்வையில் இந்தக் கதை உண்மையில் பிறக்கும் இடம் இதுதான். பின்னால் வந்த கருவிகள் எல்லாம் இந்த ஒரு கவனிப்பின் பிள்ளைகள்.

அடைப்பை எடுக்க இரண்டே வழி: உருக்க வேண்டும், பிதுக்க வேண்டும். பிதுக்குவது புதிதல்ல. இமையை இடுக்கி அழுத்தும் முறை 1920களிலேயே மருத்துவ இதழ்களில் பேசப்பட்டதுதான். ஆனால் அடைப்பு நகரும் அளவுக்கு அழுத்தினால் வலி தாங்க முடியாது. மரத்துப்போகும் சொட்டு விட்டாலும் அந்த வலி முழுக்க அடங்குவதில்லை. உருக்குவதிலும் சிக்கல் இருந்தது. நல்ல சுரப்பியின் எண்ணெய் உடல் சூட்டிலேயே இளகி ஓடும். கெட்டுப்போன சுரப்பியின் எண்ணெயோ மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய்போல, கூடுதல் சூடு பட்டால்தான் அசையும். அதற்குத்தான் வெந்நீர் ஒத்தடம். ஆனால் ஒத்தடத்தின் சூடு இமைத்தோல், தசை, அதற்குப் பின்னால் குருத்தெலும்பு போன்ற கெட்டியான தகடு ஆகியவற்றைத் தாண்டித்தான் சுரப்பியை அடைய வேண்டும். நடுவில் ஓடும் ரத்தம் பாதிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. துணியும் ஆறிவிடுகிறது. 2008இல் கோர்ப்பும் கரோலின் பிளாக்கியும் உள்ளிட்ட குழு இமையின் உட்புறச் சூட்டையே அளந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சூடான துணியை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே 40 டிகிரி செல்சியஸ் எட்டியது. வீட்டில் யார் இவ்வளவு பாடுபடுவார்கள்? ‘ஒத்தடம் கொடுத்தேன் டாக்டர், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொன்ன எத்தனையோ பேர் பொய் சொல்லவில்லை.

அதே ஆண்டில் கோர்ப்பும் பிளாக்கியும் ஒரு சிறு கைக்கருவியையும் விவரித்தார்கள். அழுத்திக் கண் சிமிட்டும்போது இமை எவ்வளவு அழுத்துமோ அதே அளவு மட்டும் அது அழுத்தும். அந்த அழுத்தத்தில் எத்தனை சுரப்பி எண்ணெய் தருகிறது என்று எண்ணலாம். இதனால் ஒரு மருத்துவர் பார்த்ததை இன்னொருவர் பார்த்ததோடு ஒப்பிட முடிந்தது. விளம்பரங்களில் இடம்பெறாத இந்தச் சிறு கருவியை, அடைப்பை எடுக்க வந்த பெரிய இயந்திரத்துக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

பெரிய இயந்திரத்தின் யோசனை எளிமையானது: சூடு வெளியிலிருந்து போகவில்லையா, உள்ளிருந்தே கொடுப்போம். ஆனால் இமைக்கு உள்ளே என்றால் கருவிழிக்கு மிக அருகே. சூடு கருவிழியைத் தொட்டுவிடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ்காரரின் அனுபவம் இங்கே கைகொடுத்திருக்க வேண்டும். பெரிய ஸ்க்லீரல் லென்ஸ் வடிவில், வெள்ளை விழியின்மேல் உட்கார்ந்து கருவிழியைத் தொடாமல் வளைந்து நிற்கும் ஒரு மூடி அது. இமையைப் பார்த்த பக்கம் சூடாகும். கண்ணைப் பார்த்த பக்கம் சூடு கடத்தாது. இமைக்கு வெளியே சிறு காற்றுப்பை. உள்ளிருந்து 42.5 டிகிரி சூடு, வெளியிலிருந்து விட்டுவிட்டு மென்மையாக ஓர் அழுத்தம். சூட்டில் எண்ணெய் இளகியிருப்பதால், நோகும்படி பிதுக்கத் தேவையில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதற்காகக் கோர்ப்பும் டிம் வில்லிஸும் 2005இல் வட கரோலினாவில் டியர்சயன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கருவிக்கு லிப்பிஃப்ளோ என்று பெயர். 139 பேரிடம் நடந்த சோதனையில் ஒருமுறை லிப்பிஃப்ளோவையும், இரண்டு வாரம் தினமும் ஒத்தடத்தையும் ஒப்பிட்டார்கள். எண்ணெய்ச் சுரப்பில் லிப்பிஃப்ளோ தெளிவாக முந்தியது. 2011இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அடுத்த ஆண்டு மைக்கேல் லெம்ப் குழு வெளியிட்ட ஆய்வில், வகைப்படுத்த முடிந்த கண்வறட்சிக்காரர்களில் 86 விழுக்காட்டினரிடம் மைபோமியன் கோளாறு காணப்பட்டது. ஓரத்தில் கிடந்த சுரப்பி நடுவுக்கு வந்துவிட்டது. 2017இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் டியர்சயன்ஸை வாங்கியது. ஐலக்ஸ், டியர்கேர் என்று சூட்டை வேறு விதங்களில் கொடுக்கும் கருவிகளும் வந்தன.

இன்னொரு கிளை மறுபடியும் மெம்ஃபிஸில் முளைத்தது. 1990களில் இஸ்ரேலைச் சேர்ந்த ஷிமோன் எக்ஹவுஸ் முன்னின்று உருவாக்கிய பளிச்சொளிக் கருவி, காலில் தெரியும் மெல்லிய ரத்த நாளங்களைப் போக்குவதற்கானது. ஐபிஎல் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பிறகு அதை முகச்சிவப்பு நோயான ரோசேசியாவுக்கும் பயன்படுத்தினார்கள். 2000களின் தொடக்கத்தில் மெம்ஃபிஸ் கண் மருத்துவர் ரொலாண்டோ டோயோஸ், அந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களின் கண் வறட்சியும் தணிவதைக் கவனித்தார். இமை ஓரத்து நுண்ணிய நாளங்கள் ஒளியை உறிஞ்சிச் சுருங்குவதால், அழற்சிப் பொருள்கள் சுரப்பிக்கு வருவது குறைகிறது என்பது முக்கியமான விளக்கம். கண்ணை மறைத்துவிட்டுக் கன்னத்திலும் கீழிமைக்கு அடியிலும் ஒளி பாய்ச்சிவிட்டு, பின்பு சுரப்பியைப் பிதுக்கி விடுவார்கள். 2021இல் இந்த வகையில் ஆப்டிலைட் என்ற கருவி கண்வறட்சிக்கென்றே அமெரிக்க அனுமதி பெற்றது.

நம் மக்கள் இங்கே ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். ஐபிஎல் ஒளியைத் தோலின் நிறமியும் உறிஞ்சும். தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் ஐந்தாவதும் ஆறாவதும் ஆன கருநிறத் தோலில் கொப்புளமும் கருந்திட்டும் வரும் ஆபத்து கூடுதல். தமிழர்களில் பலர் அந்த ஐந்தாம் வகைக்காரர்கள். முகத்துக்கு நேரே ஒளி பாய்ச்சுவதற்கு முன் ‘என் தோல் எந்த வகை, இதற்கு இந்தக் கருவி ஒத்துவருமா?’ என்று கேட்பது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கிய இடத்தில் இன்னும் அழுத்தமாகவே கேட்கலாம்.

பலன் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஐபிஎல் பற்றி 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வுக்குச் சேர்த்துக்கொள்ளத் தகுந்ததாகக் கிடைத்தவை மூன்று சோதனைகள்தான். சான்று போதாது என்றது அது. 2024இல் வந்த இன்னொன்று, லிப்பிஃப்ளோ வழக்கமான மற்றச் சிகிச்சைகளோடு ஏறக்குறைய ஒரே அளவில்தான் நிற்கிறது என்றது. தொடக்கச் சோதனைகளின் உற்சாகம் இன்று அடங்கியிருக்கிறது. பலருக்கு இந்தச் சிகிச்சைகள் நிம்மதி தருகின்றன, சிலருக்குத் தருவதில்லை. கொடுக்கும் காசுக்கு ஈடான உறுதியை இன்றைக்கு யாரும் தர முடியாது.

ஒரு வரம்பு மட்டும் தெளிவு. 2008இல் ஜப்பானைச் சேர்ந்த ரெய்கோ அரிடா, இமையைப் புரட்டி அகச்சிவப்புக் கேமராவால் சுரப்பிகளைப் படம் எடுக்கும் எளிய முறையை வெளியிட்டார். அடைபட்டே கிடந்த சுரப்பிகள் குறுகிக் காணாமல் போயிருப்பதை அந்தப் படங்களில் நேரடியாகப் பார்க்கலாம். இருக்கிற சுரப்பியின் அடைப்பைத்தான் இந்தக் கருவிகள் எடுக்கும். போன சுரப்பியைத் திரும்ப முளைக்க வைப்பதில்லை. அதனால் கருவி எது என்பதைவிட எப்போது பார்த்தார்கள் என்பதே பெரிய கேள்வி. கோர்ப் செய்ததைச் செய்யப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் முன்னால் உட்கார வைத்து, இமை விளிம்பை விரலால் அழுத்தி, எண்ணெய் வருகிறதா என்று பார்த்தால் போதும். சொட்டு மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பு, எந்த அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலும் அதைச் செய்துவிடலாம்.